எருமை எழுத்து

அவருடைய மூக்கு நுனியில் எப்பவும் ஒரு கறுப்பு இருக்கும்.

மச்சம் என்றுதான் நினைத்திருந்தேன். ஒருநாள் காலமை முகம் கழுவிக்கொண்டு வந்தார். மச்சத்தைக் காணவில்லை. பின்னேரம் பார்த்தால் திரும்ப இருந்தது.

அது கொம்பியூட்டர் திரையில் படிகிற தூசி. அந்தத் திரை தூசியை இழுத்து வைத்திருக்கும். தனிய இருக்கும்போது திரையில் மூக்கு முட்ட வாசிப்பார். ஆக்களின் செருப்புச் சத்தம் கேட்டால் நிமிர்ந்து கதிரையில் சாய்ந்து விடுவார். மூக்கில் ஒட்டினது ஒட்டினபடி.

"அண்ணை, உங்களுக்குக் கண் தெரியாதோ?" என்று கேட்டேன்.

எழும்பிக் கதவைச் சாத்தினார்.

"மெல்லக் கதையும்," என்றார்.

எண்பத்தைந்து, எண்பத்தாறு வாக்கில். நான் குருநகர் ஆள். நேவி கடலுக்குப் போக விடாத காலம் என்றபடியால் அரியாலையில் ஒரு கொம்பனியில் நின்றேன். களப்பில் பிடிபடுகிற இறாலை வாங்கி ஐஸ் போட்டுக் கொழும்புக்கு லொறியில் அனுப்புகிற கொம்பனி. ஐஸ் உடைக்கிறதும் ஜெனறேற்றர் பார்க்கிறதும் என் வேலை. ஐஸ் பெட்டிகளுக்குப் பின்னால் பலகை அடித்து மறைத்த ஒரு அறை. அதற்குள் கொம்பியூட்டர். கொம்பியூட்டருக்கு முன்னால் அவர்.

கணக்கு முழுக்கக் கொழும்பில் இருந்த பெரிய மெஷினில்தான். எங்கள் பெட்டி ரெலிபோன் வயரால் போய் அதோடு கதைக்கும். பெரிய மெஷினின் சொந்தத் திரை மாதிரியும் சொந்தக் கீபோட் மாதிரியும் இங்கே இருந்து நடிப்பதற்கு ஒரு புரோகிராம். நடிப்பு என்றபடியால் வேஷத்தை மாற்றலாம். எழுத்தின் அளவை மாற்றலாம். நிறத்தை மாற்றலாம். எந்தக் கீயைத் தட்டினால் எது நடக்க வேண்டும் என்பதையும் மாற்றலாம். அதற்குச் செற்றிங் என்று பெயர்.

அவர் அந்தச் செற்றிங்குக்குள்தான் குடியிருந்தார்.

கண்ணாடி போட்டால் முடிந்த விஷயம். டொக்டர் துண்டும் எழுதிக் கொடுத்திருந்தார். ஆனால் வீட்டில் தங்கச்சி இருந்தது. வட்டுக்கோட்டையில் கலியாணப் பேச்சுக்கால் நடந்துகொண்டிருந்தது. நல்ல இடம். மாப்பிள்ளை பகுதி ஒன்றே ஒன்றுதான் கேட்டது. பரம்பரையில் கண் வருத்தம் இருக்கோ? இவர்களுடைய அப்பருக்குக் கடைசிக் காலத்தில் கண் இல்லை. பெரியப்பருக்கும் இல்லை. தரகர் "சீச்சீ, எல்லாருக்கும் கழுகுக் கண்" என்று சொல்லிவிட்டு வந்திருந்தார்.

"இப்ப நான் கண்ணாடியோடை ரோட்டிலை இறங்கினால் அண்டைக்கே வட்டுக்கோட்டைக்குச் செய்தி போயிடும். தாலி ஏறுமட்டும் பொறுக்கவேணும்," என்றார்.

"தங்கச்சிக்குக் கண் எப்பிடி?"

"அவளுக்கு என்ன. நெருப்புக் குச்சி எரிஞ்சு முடியிறதுக்குள்ளை ஊசியிலை நூல் கோப்பாள்."

அப்படியென்றால் எனக்கு வேறு கேள்வி இல்லை. கண் விஷயத்தை ஒருவருக்கும் சொல்லவுமில்லை. வாயை மூடி வைக்க நான் புதிதாகப் பழகத் தேவையில்லை.

வேலைக்கு எடுக்கும்போது மனேஜர் கண்ணைச் சோதித்தவராம். சுவரில் தொங்கின கலண்டரைக் காட்டி வாசிக்கச் சொன்னாராம். இவர் அன்றைய திகதியைச் சொன்னார். கிழமையையும் சொன்னார். மனேஜர் சந்தோஷப்பட்டு எடுத்துக்கொண்டார். அது போன வருஷத்துக் கலண்டர் என்பதை இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

கண்ணைத் திருத்த முடியாது. அதனால் மற்ற எல்லாவற்றையும் தனக்கேற்றபடி திருப்பி வைப்பார். பஸ் போர்டு கண்ணுக்குத் தெரியாமல் வருகிற பஸ் எல்லாவற்றையும் கை காட்டி மறிப்பார். "எங்கை போகுது?" என்பார். கொண்டக்டர் "போர்டு இருக்கெல்லோ" என்று பாய்வான். "உங்கடை போர்டை நம்பி ஏறி நான் ஒருக்கால் சாவகச்சேரியிலை இறங்கினனான்" என்பார். பிழை பஸ்காரன் தலையில் போய்விடும்.

ரோட்டில் ஆர் தெரிந்த ஆள், ஆர் தெரியாத ஆள் என்று அவருக்கு விளங்காது. அதனால் எதிரில் வந்த எல்லாருக்கும் தலையாட்டிச் சிரிப்பார். சந்தியில் நின்ற தபால் பெட்டிக்கும் சிரித்ததை நான் பார்த்திருக்கிறேன். ஊரில் அவருக்கு நல்ல பெயர். கர்வம் இல்லாத மனுசன் என்று சொல்வார்கள்.

கொம்பியூட்டரில் ஒரு வரிக்கு எண்பது எழுத்து வரவேண்டும். அவர் நாற்பதாக்கினார். ஒவ்வொரு எழுத்தும் நெருப்புப் பெட்டி அளவு. நிறம் சாம்பலாக இருந்தது. அதை நீலத்தில் மஞ்சளாக்கினார். ஒரு கீ தட்டினால் 'டிக்' என்று ஒரு சத்தம். பிழையாகத் தட்டினால் 'பீப்' என்று இன்னொரு சத்தம். முக்கியமான கீ எல்லாவற்றின் வேலையையும் இடது ஓரத்து வரிசைக்கு மாற்றி, மெழுகுதிரியால் அதில் ஒவ்வொரு சொட்டு விட்டிருந்தார். தடவினால் கைக்குத் தெரியும். வெளிச்சம் திரையில் அடிக்கிறது என்று யன்னலுக்குச் சீமெந்துப் பை ஒட்டினார். பகலிலும் அந்த அறை இருட்டுத்தான்.

மனேஜருக்கு டிக் டிக் சத்தம் பிடித்துக்கொண்டது. "கேக்குதே. அதுதான் வேலை," என்று என்னிடம் சொல்வார். நான் ஐஸ் உடைக்கிற சத்தம் அவருக்கு ஒருநாளும் கேட்டதில்லை.

எனக்கும் ஒரு செற்றிங் வைத்திருந்தார். நகரக் கரண்ட் இல்லாத நேரம் ஜெனறேற்றரில்தான் எல்லாம் ஓடும். ஐஸ் அறை மோட்டர் இழுக்கத் தொடங்கினால் கொம்பியூட்டர் படம் நாலு பக்கமும் சுருங்கும். உடனே பலகைக்கு அந்தப் பக்கத்தில் இருந்து குரல் வரும்.

"தம்பி, எழுத்து இளைச்சுப் போச்சு."

நான் ஜெனறேற்றரைக் கொஞ்சம் கூட்டி விடுவேன்.

"இன்னும் கொஞ்சம்."

ஒருநாள் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கேட்டு, மனேஜரின் மேசை விசிறி நடந்துபோய்க் கீழே விழுந்தது. பல்ப் இரண்டு வெடித்தது. அவர் உள்ளே இருந்து, "இப்ப நல்ல வடிவு" என்றார்.

புத்தூரில் இருந்து ஒரு பொம்பிளைப் பிள்ளை ஒருநாள் விட்டு ஒருநாள் அதே கதிரைக்கு வேலைக்கு வரும். வாய்க்காரப் பிள்ளை. அது வந்து இருந்த உடனே எல்லாவற்றையும் பழையபடி மாற்றும். அடுத்த நாள் அவர் வந்து தன்னுடையதற்கு மாற்றுவார். ஒவ்வொரு நாளும் முதல் அரை மணித்தியாலம் இதுதான் கொம்பனியில் நடக்கும். இடையில் மாற்ற மறந்தால் ஆபத்து. ஒருமுறை பிள்ளை ஒரு எழுத்தை அழிக்கத் தட்டியது. அது அவருடைய செற்றிங்கில் அனுப்புகிற கீ. பாதிக் கணக்கு கொழும்புக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

அன்றைக்குச் சம்பளம் எடுக்க வந்தவரைப் பிள்ளை வாசலிலேயே பிடித்தது.

"அண்ணை, இதென்ன எருமை எழுத்து? நாலு எருமை நிண்டால் ஸ்கிரீன் நிரம்பிப் போகுது."

"பிள்ளை, பெரிய பெரிய இஞ்சினியர்மாரெல்லாம் இப்பிடித்தான் வைக்கிறவை."

"எந்த இஞ்சினியர்?"

"பேர் சொல்லக்கூடாது."

"ஏன், அவரும் எருமை வளர்க்கிறவரோ?"

அவர் ஐஸ் பெட்டியைப் பார்த்துச் சிரித்தார். பிள்ளை அதற்குப் பக்கத்தில் நின்றது.

எருமை எழுத்தில் ஒரு குறை இருந்தது. நாற்பது எழுத்து வைத்தால் கொழும்பு அனுப்புகிற படத்தின் இடது பாதிதான் தெரியும். வலது பாதி திரைக்கு வெளியில் நிற்கும். ஒரு கீயைத் தட்டி இழுத்துப் பார்க்கவேண்டும். அவர் பார்ப்பதில்லை. "வலது பக்கத்திலை ஒண்டும் இல்லை. கொழும்புக்காரர் இடத்தை வீணாக்கி வைச்சிருக்கினம்," என்று சொல்வார்.

ஒரு பின்னேரம் கொழும்பு வலது பக்கத்தில் ஒரு செய்தி போட்டது. நாளைக்குக் கப்பல் இல்லை, ஐஸ் அறை நிரம்பிவிட்டது, லொறியை விடவேண்டாம் என்று.

லொறி போனது. நான்தான் ஏற்றினேன். கொழும்பில் இரண்டு நாள் வெயிலில் நின்றது. கொழும்பு ரெலிபோன் எடுத்து ஏசினபோது மனேஜர் மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டார்.

"உமக்குச் செய்தி வரேல்லையோ?"

"வந்தால் நான் சொல்லாமல் விடுவனோ, சேர்?"

கொழும்பு அனுப்பினோம் என்றது. இவர் வரவில்லை என்றார். இரண்டும் உண்மை. கடைசியில் கொழும்பு ஒரு முடிவெடுத்தது. எல்லா ஊர்க் கொம்பியூட்டரும் ஒரே செற்றிங்கில் இருக்கவேண்டும். ஒருவரும் மாற்றாதபடி பூட்டவேண்டும். அதற்கு ஒரு பொடியன் அடுத்த லொறியில் வருவான்.

அவர் அன்றைக்குச் சாப்பாட்டுப் பார்சலைப் பிரிக்கவில்லை.

"தம்பி, மாப்பிள்ளை பகுதி கலியாணத்துக்கு நாள் பாக்கப் போறாங்கள். அதுக்கு முதல் ஒருக்கால் வந்து விசாரிப்பாங்கள். நான் மூக்கை முட்டிக்கொண்டு இருக்கிறதை ஆரும் கண்டால் அவளின்ரை கலியாணம் குழம்பிப் போயிடும்."

"வேலைக்கு லீவு போடுங்கோ."

"வேலைக்குப் போகாத தமையன் எண்டு எழுதுவாங்கள்."

நான் ஐஸ் உடைக்கப் போனேன்.

பொடியன் ஒரு வெள்ளிக்கிழமை வந்தான். காலமை தொடங்கிப் பத்தரைக்குள் வேலையை முடித்தான். புது டிஸ்க், சின்னச் சாம்பல் எழுத்து, வரிக்கு எண்பது, டிக் இல்லை, பீப் இல்லை. மெழுகுச் சொட்டையும் சவரக்கத்தியால் சுரண்டி எடுத்துவிட்டு, "ஆர் இந்த அநியாயம் செய்தது?" என்று கேட்டான். அவர் கூரையைப் பார்த்தார்.

அந்த நேரத்தில்தான் வாசலில் ஒரு ஐயா வந்து நின்றார். வெள்ளை வேட்டி, சால்வை, நெற்றி நிறையத் திருநீறு.

"தம்பி, இறால் என்ன விலை?"

சைவக்காரர் வெள்ளிக்கிழமை மீன், இறைச்சி காய்ச்சுவதில்லை. திருநீறு காயமுதல் இறால் விலை கேட்டு வந்த ஆளை நான் அதற்கு முதல் கண்டதில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு வேறு நின்றார்.

"இஞ்சை சில்லறை இல்லை ஐயா. எங்கையிருந்து வாறியள்?"

"வட்டுக்கோட்டை. ஒரு கலியாண வீட்டுக்கு."

"கலியாண வீட்டுக்கு இறால்?"

ஐயா சால்வையைச் சரிசெய்தார். "அது கிடக்கட்டும். உள்ளை கொம்பியூட்டர் அடிக்கிறவர் எப்பிடி?"

"ஏன் ஐயா, அவரையும் விலைக்கோ?"

"சும்மா கேட்டனான். குணம்?"

"நல்லம்."

"குடி?"

"தேத்தண்ணி."

"கண்?"

"ரெண்டு."

ஐயா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நீர் கனக்கக் கதைக்க மாட்டீர் போலை."

"இறாலோடை வேலை."

வட்டுக்கோட்டையில் இருந்து வந்து கண்ணை விசாரிக்கிற ஆள் மாப்பிள்ளையின் தாய்மாமனாகத்தான் இருக்கவேண்டும். இனி எனக்கு ஆரும் சொல்லத் தேவையில்லை. வாசலில் வைத்தே திருப்பி அனுப்பியிருப்பேன். மனேஜர் கெடுத்தார். வேட்டி சால்வையைக் கண்டதும் பெரிய மனுசர் என்று நினைத்து, "வாங்கோ ஐயா, யாழ்ப்பாணத்திலை இப்பிடி ஒண்டைப் பாத்திருக்கமாட்டியள்" என்று ஐஸ் பெட்டிகளுக்குள்ளால் கூட்டிக்கொண்டு போனார். பொடியன் தேத்தண்ணி குடிக்க வெளியில் போயிருந்தான். அறைக்குள் அவர் தனிய. முன்னால் புது எழுத்து, எறும்பு மாதிரி.

அன்றைக்கும் நகரக் கரண்ட் இல்லை, ஜெனறேற்றர்தான் ஓடியது. அதற்குப் பக்கத்தில் பலகை கொஞ்சம் விலகி இருக்கும். அதற்குள்ளால் பார்த்தேன்.

"கொழும்போடை நேரை கதைக்குது ஐயா," என்றார் மனேஜர்.

"அப்பிடியோ. இப்ப என்ன சொல்லுது?" என்றார் மாமன்.

"எங்கை, ஐயாவுக்கு ஒருக்கா வாசிச்சுக் காட்டும்."

அவருடைய கழுத்து மெல்ல மெல்ல முன்னுக்குப் போனது. பாதியில் நின்றது. பின்னுக்கு வந்தது. திரும்பவும் முன்னுக்குப் போனது. கை இடது ஓரத்தில் மெழுகைத் தேடியது. மெழுகு இல்லை.

"கொழும்பு..." என்றார். பிறகு இருமினார்.

மாமன் குனிந்து அவருடைய முகத்தைப் பார்க்கத் தொடங்கினார்.

நான் ஜெனறேற்றரை நிற்பாட்டினேன்.

உள்ளே குகை மாதிரி இருட்டு. சீமெந்துப் பை ஒட்டின யன்னல், ஐஸ் பெட்டி அடுக்கின வழி. வெளியில் இருந்து வந்த ஆளுக்குத் தன் கையே தெரியாது. மனேஜர் எதிலோ முழங்காலை இடித்துக்கொண்ட சத்தம் கேட்டது. பிறகு ஏதோ சரிந்தது. மாமன் "முருகா" என்றார், மெல்லத்தான்.

பிறகு அவருடைய குரல் கேட்டது. இருமல் இல்லாத குரல்.

"ஐயா, கையைத் தாங்கோ. அசையாதேங்கோ. இப்ப இடது பக்கம். இதிலை ஒரு பெட்டி, அதைச் சுத்தி வாறம். காலை உயர்த்துங்கோ, வயர். இனித் தண்ணி, வழுக்கும், என்னைப் பிடியுங்கோ. தலையைக் குனியுங்கோ, தராசு தொங்குது. சேர், நீங்கள் அதிலையே நில்லுங்கோ, பிறகு வந்து உங்களைக் கூட்டிக்கொண்டு போறன்."

மாமனைத் துளி ஈரம் படாமல் வெளியில் கொண்டுவந்து விட்டார். பிறகு உள்ளே போய் மனேஜரைக் கொண்டுவந்தார். மனேஜரின் சட்டையில் இறால் கால் ஒட்டியிருந்தது.

மாமன் வெயிலில் நின்று கண்ணைக் கசக்கினார். என்னிடம் வந்தார்.

"தம்பி, அந்த இருட்டுக்குள்ளை எனக்கு ஒண்டும் தெரியேல்லை. உவருக்கு எல்லாம் தெரியுது."

"ஓம் ஐயா. இருட்டிலை நல்லாத் தெரியும்."

"தரகன் சொல்லேக்கை நான் நம்பேல்லை," என்று சொல்லிக்கொண்டு போனார். இறாலைப் பற்றிப் பிறகு கேட்கவேயில்லை.

மனேஜர் முழங்காலைத் தடவிக்கொண்டு வந்தார்.

"ஏன் நிப்பாட்டினனீர்?"

"எண்ணெய்."

மூடியைத் திறந்து பார்த்தார். "எண்ணெய் இருக்கே."

"ஓம்."

என்னையும் எண்ணெயையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனார். அண்ணை அறை வாசலில் நின்றார். நான் நிற்கிறதாக நினைத்த பக்கம் பார்த்துத் தலையாட்டினார். உண்மையில் நான் மற்றப் பக்கம் நின்றேன்.

அடுத்த கிழமை நாள் வைத்தார்கள். கலியாணத்துக்கு இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது. செற்றிங் பூட்டுப் பூட்டுத்தான். அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார். பெரிய உருண்டைக் கண்ணாடிச் சாடி ஒன்று கொண்டுவந்து, நிறையத் தண்ணீர் விட்டு, திரைக்கு முன்னால் வைத்தார். அதற்குள்ளால் பார்த்தால் எழுத்து வளைந்து வளைந்து பெருக்கும். மனேஜர் கேட்டார்.

"உதென்ன, மீன் வளர்க்கிறீரோ?"

"மெஷினுக்குக் குளிர்ச்சி, சேர்."

நம்பச் செய்வதற்கு ஒரு செம்பரத்தம்பூவையும் மிதக்க விட்டார். தண்ணீர் மாற்றுகிற வேலை எனக்கு. புத்தூர்ப் பிள்ளை ஒருநாள் அந்தச் சாடிக்குள்ளால் திரையைப் பார்த்தது. பிறகு அவருடைய வெறும் கதிரையைப் பார்த்தது. அதற்குப் பிறகு எருமைக் கதை எடுக்கவில்லை. தன்னுடைய நாளிலும் சாடியை அசைக்காமல் பக்கத்தால் எட்டி எட்டி வேலை செய்தது. பூ வாடினால் புதுப் பூ அதுதான் கொண்டு வரும்.

கலியாணத்துக்கு நானும் போனேன். பின் வரிசையில் இருந்தேன். தாலி ஏறினது. அவர் கண்ணைத் துடைத்தார். சாப்பாடு நல்லம்.

திங்கட்கிழமை கண்ணாடியோடு வந்தார். தடித்த கறுப்புப் பிரேம். வட்டுக்கோட்டையில் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"கொம்பியூட்டராலை வந்தது எண்டு சொன்னன். மாமன் நல்லாக் கவலைப்பட்டார். கழுகு மாதிரி இருந்த கண், உந்தப் பெட்டி குடிச்சுப்போட்டுது எண்டு எல்லாரிட்டையும் சொல்லிக்கொண்டு திரியிறார்."

பிறகு கதிரையில் இருந்து திரையைப் பார்த்தார். மூக்குக்கும் திரைக்கும் நடுவில் ஒரு முழத்துக்கு மேல் இருந்தது.

"நல்ல அளவான எழுத்து. கொழும்புக்காரர் யோசிச்சுத்தான் வைச்சிருக்கினம்," என்றார்.

கலியாணப் பலகாரத்துக்கென்று அன்றைக்கும் வந்திருந்த பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு வெளியில் ஓடினது.

அவர் எழும்பி வந்தார். சுவர், கலண்டர், தராசு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். கடைசியாக எனக்கு முன்னால் வந்து நின்று கனநேரம் பார்த்தார். இரண்டு வருஷமாக ஒரு பலகைக்கு இரண்டு பக்கமும் வேலை செய்த ஆக்கள் நாங்கள்.

"நீர்தானோ?"

"ஓம்."

"குரலுக்கும் ஆளுக்கும் ஒத்துவரேல்லை." தலையை ஒரு பக்கம் சரித்துப் பார்த்தார். "அந்த மீசையை ரெண்டு பக்கமும் கொஞ்சம் குறைச்சுப் பாரும்."

ஐஸ் இருந்தது, உடைத்தேன். பின்னேரம் சலூனுக்குப் போய்க் குறைத்தேன்.